புள்ளி அடித்த ‘ஏன்’

இன்று காலை வகுப்பில் ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

“சார், அஞ்சாவது கட்டத்துல மட்டும் ‘ஏனுங்க’ன்னு போட்டிருக்குதுங்க. பிரிண்ட் மிஸ்டேக்குங்களா?”

கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த டிப்ளமோ பிள்ளைகள் இருபது பேரும் சிரித்தார்கள். நான் அவள் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தேன். ஜெராக்ஸ் எடுக்க வெற்றுப் படிவம் ஒன்றைக் கொடுத்ததாகத்தான் நினைத்திருந்தேன். போனது உன் தாள். நான் அதில் பென்சிலால் எழுதி, பிறகு அழித்தது எதுவும் நகலில் விழவில்லை. உன் பால்பாயின்ட் பேனா விழுந்திருந்தது. ஓரத்தில் கிரீஸ் அப்பிய உன் கட்டைவிரல் ரேகையும் விழுந்திருந்தது. நீ போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. இருபது மேசைகளிலும் உன் கட்டைவிரல் இருந்தது.

“ஆமாம்மா, மிஸ்டேக்குத்தான்,” என்று சொல்லிவிட்டேன். சொன்ன உடனே வெட்கமாக இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தப் படிவத்தின் கதை உனக்குத் தெரியும். கம்பெனியில் எது கெட்டாலும் அதைத்தான் எடுப்போம். ஒன்றின்கீழ் ஒன்றாக ஐந்து கட்டங்கள், ஒவ்வொன்றின் ஓரத்திலும் ‘ஏன்?’ என்ற அச்சு. மோட்டார் எரிந்தது, ஏன்? உள்ளே தண்ணீர் போனது. ஏன்? ரப்பர் வளையம் கிழிந்திருந்தது. இப்படியே ஐந்து முறை கேட்டால் அடிக்காரணம் வந்துவிடும். அதற்கும் கீழே ‘திருத்த நடவடிக்கை’ என்று ஒரு கட்டம். அதை நிரப்பிக் கையெழுத்துப் போட்டால் பிரச்சினை முடிந்தது. எனக்கு அந்தப் படிவத்தின்மேல் பக்தியே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகும் உன்னை, “உங்க சாமி இந்த ஃபார்ம் நிரப்புவாராங்க?” என்று கிண்டல் செய்திருக்கிறேன். “அவருக்கு ஏனுங்க அந்த வேலை? நிரப்பறதுக்கு எஞ்சினீரு நீங்க இருக்கறீங்கல்ல,” என்றாய், கையைத் துடைத்துக்கொண்டே.

நேரில் உன்னை ‘நீங்க’ என்றுதான் பேசினேன். நீயும் அப்படித்தான். நம் இருவருக்கும் ஒரே வயது. பெரியநாயக்கன்பாளையத்துப் பம்பு கம்பெனியில் ஒரே மாதம் சேர்ந்தோம், நீ பராமரிப்பில் ஃபிட்டர், நான் தரக்கட்டுப்பாட்டில். “டேய்னு கூப்பிடுங்களேன்” என்று ஒருமுறை சொன்னேன். “வாய் வராதுங்க” என்றாய். அப்போது அதை உன் அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன். எவ்வளவு பெரிய மடையன் நான். என் ஊர் காங்கேயம். எங்கள் தோட்டத்தில் வேலை செய்தவர்களின் தெருவுக்கு என் அப்பா போனால், தெருமுனையிலேயே நின்று “டே” என்று ஒரு சத்தம் கொடுப்பார். அறுபது வயதுக்காரர் ஓடி வருவார். வந்து “ஏனுங்க சாமி” என்பார். உன் தாத்தா தாராபுரம் பக்கம் அப்படி ஓடி வந்தவர்களில் ஒருவர். கொங்கு மரியாதை, கொங்கு மரியாதை என்று மேடைக்கு மேடை பேசுகிறார்களே, அந்த ‘ங்க’ எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போகும், திரும்பி வருமா வராதா என்பதை எவனும் பேசுவதில்லை. நீ அதை எல்லாருக்கும் கொடுத்தாய். மேனேஜருக்கும் கொடுத்தாய், கேன்டீனில் தட்டு கழுவும் ஒடிசாக்காரருக்கும் கொடுத்தாய். உன் வாய்க்கு ‘டே’ வராமல் போனது ஏன் என்று நான் யோசித்ததே இல்லை.

பிறகு செல்வியக்காவுக்கு விரல் போனது. மோட்டாருக்குத் தகடு வெட்டும் பிரஸ்ஸில், கான்ட்ராக்ட் வேலை. அந்த மிஷினுக்கு இரண்டு பட்டன். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேலே இருக்கும் வெட்டும் அச்சு கீழே இறங்கும், கை உள்ளே போக வழியில்லை. அதில் ஒரு பட்டனை டேப் சுற்றி அமுக்கியே வைத்திருந்தார்கள். ஒரு கை ஓய்வானால் தகடு தள்ள உதவும், வேலை வேகமாக ஓடும். சூப்பர்வைசருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தினம் அந்த வழியாகத்தான் டீக்குப் போவேன். ஒரு புதன்கிழமை மதியம் அவங்க வலது கையின் இரண்டு விரல்கள் போயின.

விசாரணைப் படிவம் என் மேசைக்கு வந்தது. விரல் ஏன் துண்டானது? கை அச்சுக்குக் கீழே இருந்தது. ஏன்? தகட்டைக் கையால் தள்ளினார். ஏன் முடிந்தது? ஒரு பட்டனில் டேப் இருந்தது. டேப் ஏன்? வேகத்துக்காக. வேகம் ஏன்? ஆளைக் குறைத்துவிட்டு டார்கெட்டை ஏற்றியதால். ஐந்தாவது கட்டத்தை நிரப்பி எடுத்துப் போனேன். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“தம்பி, கடைசிப் பதிலு நம்மளால திருத்த முடியறதா இருக்கோணும். டார்கெட்டை நீ திருத்துவியா, நான் திருத்துவனா? நம்ம கையில என்ன இருக்குதோ அதை எழுதிப்போட்டு வா.”

நம் கையில் இருந்தது செல்வியக்காதான். ‘பணியாளரின் கவனக்குறைவு. மறுபயிற்சி அளிக்கப்படும்’ என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். கட்டு போட்ட கையோடு இருந்த அவங்களுக்கு மறுபயிற்சி எதுவும் அளிக்கப்படவில்லை, வேலைக்கு வர வேண்டாம் என்று மட்டும் சொல்லப்பட்டது. அந்த மாதக் கூட்டத்தில் என் படிவத்தைத் திரையில் போட்டு, தெளிவாக எழுதியிருக்கிறேன் என்று பாராட்டினார்கள்.

பத்து நாள் கழித்து ஆரம்பித்தது. நெஞ்சுக்குள் ஒரு இறுக்கம். பிரஸ் அடிக்கிற சத்தம் கேட்டால் வலது ஆள்காட்டி விரல் மரத்துப்போகும், கீபோர்டில் எழுத்து தவறும். சாப்பிட உட்கார்ந்தால் எழுந்து போய்விட வேண்டும்போல இருக்கும். எங்கே போக என்று தெரியாது. நான் அதை மெஷின் கோளாறுபோலத்தான் அணுகினேன். மூன்று டாக்டரிடம் ஈசிஜி எடுத்தேன். தைராய்டு பார்த்தேன். தலையணையை மாற்றினேன். டீயை நிறுத்தினேன், மறுபடி ஆரம்பித்தேன். பிறகு கம்ப்யூட்டரில் ஒரு அட்டவணை போட்டேன்: கிழமை, நேரம், சாப்பிட்டது, இறுக்கம் ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு. ஆறு வாரம் நிரப்பி வரைபடம் எடுத்தால், புதன்கிழமை மதியம் உச்சம். புதன்கிழமை கேன்டீனில் தயிர்சாதம். தயிரை விட்டேன்.

இதை உன்னிடம் சொன்னபோது நீ சிரிக்கவில்லை. “தயிரு பாவமுங்க” என்றாய். அவ்வளவுதான்.

எனக்குக் காரணம் தெரியாமல் இல்லை என்பதுதான் இதில் விசித்திரம். தெரியும். ஒருநாள் வெற்றுப் படிவம் ஒன்றை எடுத்துப் பென்சிலால் நேர்மையாக எழுதிப் பார்த்தேன். ஏன் நெஞ்சு இறுக்குகிறது? செல்வி நினைவு வருகிறது. ஏன்? அவங்கமேல் பழி போட்டேன். ஏன்? மேனேஜர் சொன்னார். அவர் சொன்னால் ஏன் செய்தேன்? வேலை போய்விடும் என்று பயம். ஐந்தாவது கட்டத்துக்கு வந்ததும் கை நின்றது. பயம் ஏன்? அப்பா, வளர்ப்பு, வீட்டுக்கடன், நாடு என்று எதை எழுதினாலும் சரியாகத்தான் இருந்தது. எதை எழுதினாலும் நெஞ்சு அப்படியே இருந்தது. மெஷினில் காரணத்தைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. இங்கே முழுக் காரணமும் கையில் இருந்தது, ஒரு நட்டுகூட நகரவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான். அது செல்லாத ஒரு இடம் எனக்குள்ளேயே இருக்கிறது என்று பார்த்தபோது, உண்மையில் பயந்துபோனேன்.

கேன்டீனில் அந்தத் தாளை உன் பக்கம் தள்ளினேன். நீ பம்பு ஒன்றைப் பிரித்துப் போட்டுவிட்டு வந்திருந்தாய், கையெல்லாம் கிரீஸ். ஓரத்தைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு நிதானமாகப் படித்தாய். பிறகு காதில் செருகியிருந்த பேனாவை எடுத்தாய். ஐந்தாவது கட்டத்தில் பதில் எழுதப்போகிறாய் என்று நினைத்தேன். நீ அச்சில் இருந்த ‘ஏன்’ மேல் கை வைத்தாய். ‘ன்’ தலையிலிருந்த புள்ளியை அடித்தாய். அதன் வாலில் ஒரு சுழி சுழித்தாய். பக்கத்தில் ‘ங்க’ என்று எழுதினாய்.

“மரியாதையாக் கேளுங்க எஞ்சினீரு. பதில் வந்தாலும் வரும்.”

எனக்குக் கோபம் வந்தது. “நான் சாகற மாதிரி இருக்கறேன், உங்களுக்கு வெளையாட்டா இருக்குதுங்களா?” என்று கத்தினேன். பக்கத்து மேசை திரும்பிப் பார்த்தது. நீ டீயைக் குடித்து முடித்தாய். டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாய்:

“ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சு அந்தக்கா ஊட்டுக்குப் போவனுங்க. வாரீங்களா?”

நீ நாலு மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் போய்க்கொண்டிருந்தாய். கம்பெனியில் ஒருவருக்கும் தெரியாது.

நான் சும்மா வரவில்லை. ஒரு தாளில் எண் போட்டு எழுதி எடுத்து வந்தேன். ஒன்று, மன்னிப்பு. இரண்டு, அறிக்கையைத் திருத்துவதற்கான வழி. மூன்று, தொழிலாளர் சட்டத்தில் அவங்களுக்கு உள்ள உரிமை. பஸ்ஸில் அதை நீ எட்டிப் பார்த்தாய், “பரிச்சைக்குப் போறாப்டி இருக்குதுங்க” என்றாய்.

மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து உள்ளே போனால் ஒரு லைன் வீடு, வரிசையாக எட்டுக் கதவு. மூன்றாவதில் கதவு திறந்திருந்தது, பழைய சேலை ஒன்று திரையாகத் தொங்கியது. தட்டுவதற்கு இடமில்லை. நான் திரையை விலக்கப்போனேன். நீ என் முழங்கையைப் பிடித்தாய். ஒரு அடி பின்னால் நின்று, செருப்பைக் கழற்றி, சத்தம் போடாமலும் கிசுகிசுக்காமலும் கூப்பிட்டாய்:

“ஏனுங்க…”

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. நீ மறுபடி கூப்பிடவில்லை. காத்திருந்தாய். அந்தக் காத்திருப்பில்தான் எனக்கு அது உறைத்தது. பிறந்ததிலிருந்து ஆயிரம் தடவை கேட்ட சொல். கேள்வியாகவும் அதுதான், கூப்பிடுவதும் அதுதான். நம் ஊரில் ஒருவரை வெளியே அழைக்க ‘ஏன்’ என்றுதான் கேட்கிறோம், காரணம் எதையும் எதிர்பார்க்காமல். கேட்டதற்குப் பதிலாக ஆள் வருகிறது. நான் மாதக்கணக்கில் அந்தச் சொல்லைத் தாளில் வைத்துக் குத்திக்கொண்டிருந்தேன். நீ அதை ஒரு வாசலில் வைத்தாய். இன்னொன்றும் உறைத்தது. கம்பெனியில் அந்த அம்மாவை ‘ஏ புள்ள’, ‘இந்தா’, ‘பிரஸ்ஸு’ என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். பிரஸ்ஸு! அவங்களை ஒருவர் ‘ஏனுங்க’ என்று கூப்பிட்டு, வரும்வரை வெளியே நிற்பதை அன்றுதான் பார்த்தேன்.

“அட, ஒறம்பரைங்களா! வாங்க, வாங்க,” என்று விருந்தாளியை வரவேற்கும் குரலில் சொல்லித் திரையை இடது கையால் விலக்கினாங்க. என்னைப் பார்த்ததும் அந்தக் கை அப்படியே நின்றது. நீ, “நம்ம எஞ்சினீருங்கக்கா” என்றாய். “தெரியுமுங்க” என்றாங்க. உள்ளே விட்டாங்க.

தரையில் ஒரு முறத்தில் சின்ன வெங்காயம். பாதி உரித்திருந்தது. உட்கார்ந்த உடனே நான் தாளை எடுத்தேன். “அக்கா, முதல்ல நான் உங்ககிட்ட மன்னிப்பு…” என்று ஆரம்பித்தேன். அவங்க கேட்டாங்க. இரண்டாவதைச் சொன்னேன், மூன்றாவதைச் சொன்னேன். சட்டப் பிரிவெல்லாம் சொன்னேன். முடித்துவிட்டு நிமிர்ந்தேன்.

“என்னோட கவனக்குறைவுன்னு எழுதினது நீங்கதானுங்களா?”

“ஆமாங்க.”

செல்வியக்கா என் முகத்தைப் பார்த்தாங்க. சண்டைக்கான பார்வை இல்லை. அழுகையும் இல்லை.

“ஏனுங்க…” என்றாங்க.

அதோடு நிறுத்திவிட்டாங்க.

ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டாங்களா? இல்லை, என்னைக் கூப்பிட்டு, அடுத்து வேறு எதுவோ சொல்ல வந்து நிறுத்தினாங்களா? எனக்குத் தெரியவில்லை. கேள்வியாக இருந்தால் ஐந்து பதில் என்னிடம் தயாராக இருந்தது. ஒன்றையும் சொல்ல வாய் வரவில்லை. அந்தச் சொல்லுக்கு முன்னால் நான் எழுதிவைத்திருந்ததெல்லாம் சில்லறையாக இருந்தது. கூப்பிட்ட இடத்தில் இருப்பதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை என்று தோன்றியது. என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டேன்.

பிறகு அவங்கதான் முறத்தை என் பக்கம் நகர்த்தினாங்க. “சும்மா உக்கோந்திருக்கறதுக்கு இதை உரிங்க. இடது கையில எனக்கு இன்னும் பழகலைங்க.”

உரித்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. நீ பக்கத்தில் உட்கார்ந்து உரித்துக்கொண்டே, “அதுக்கும் ஃபார்ம் போட்டுராதீங்க, வெங்காயந்தானுங்க” என்றாய். செல்வியக்கா அப்போதுதான் சிரித்தாங்க. இரண்டு விரல் இல்லாத கையால் வாயை மூடிக்கொண்டு, முழுதாகச் சிரித்தாங்க. அந்தச் சிரிப்பைக் கேட்க எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. ஆனாலும் அது அந்த அறை முழுக்க இருந்தது, எனக்கும் சேர்த்து.

இறுக்கம் அன்று போய்விட்டது என்று எழுதினால் பொய். போகவில்லை. திங்கட்கிழமை அப்படியே இருந்தது. ஆனால் அதை விரட்டும் வேலையை நிறுத்திவிட்டேன். அட்டவணையை அழித்தேன். அந்த வாரம் பழைய அறிக்கையைத் திருத்தி, டேப்பும் டார்கெட்டும் ஆள்குறைப்பும் எழுதி, கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினேன். நகல் ஒன்றைச் செல்வியக்காவிடம் கொடுத்தேன். அது இப்போது அவங்க வக்கீலிடம் இருக்கிறது, கேஸ் நடக்கிறது. என்னைப் பயிற்சிப் பிரிவுக்குத் தள்ளினார்கள். பட்டனிலிருந்து டேப் போனது. நாலாவது மாதம் திரும்பி வந்தது. மறுபடி எழுதினேன். இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். இதில் வெற்றிக்கதை ஒன்றும் இல்லை.

உனக்கு நடந்ததுக்கும் நான் படிவம் எடுத்தேன். மன்னித்துவிடு. ஒரு ஞாயிறு, சர்ச்சில் பெஞ்சை வரிசையாகத் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தபோது சாய்ந்தாய், ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்தது. முப்பத்திரண்டு வயது. ஏன்? இதயம். இதயம் ஏன்? அங்கேயே நின்றேன். நீ சில நாள் இடது தோளைப் பிடித்துக்கொண்டு, “வாயுங்க” என்று சொல்லியிருக்கிறாய். என் இறுக்கத்தை மணிக்கணக்கில் கேட்ட நாட்களில்தான் சொல்லியிருக்கிறாய். ஒன்றுமே இல்லாத என் நெஞ்சுக்கு மூன்று ஈசிஜி. உன் நெஞ்சுக்கு ஒன்றுகூட இல்லை. வருஷாவருஷம் கம்பெனி செய்யும் உடல் பரிசோதனை எங்களைப்போல மேசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மட்டும். ஏன் என்று கேட்டால் இதற்கு நல்ல, கோபமான பதில்கள் உண்டு. எல்லாம் உண்மை. எழுதியிருக்கிறேன், சண்டையும் போட்டிருக்கிறேன். ஆனால் எந்தப் பதிலும் உன்னைத் தொடவில்லை.

தாராபுரத்தில் உன்னை அடக்கம் செய்த அன்று எனக்குத் தகவல் தாமதமாகக் கிடைத்தது. போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்து, ஆட்கள் கலைந்திருந்தார்கள். உன் தெரு எனக்குத் தெரிந்த தெருதான். காங்கேயத்திலும் அதே மாதிரி ஒன்று இருக்கிறது, என் அப்பா முனையில் நின்று சத்தம் கொடுக்கிற தெரு. என் கால் தானாக முனையிலேயே நின்றது. அந்தக் கால்களை நான் அன்று வெறுத்த மாதிரி எதையும் வெறுத்ததில்லை. நடந்து உன் வீட்டு வாசலுக்குப் போனேன். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே யாரோ மெல்ல ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்காகக் கூப்பிட நீ பக்கத்தில் இல்லை. ஒரு அடி பின்னால் நின்று செருப்பைக் கழற்றினேன்.

“ஏனுங்க…”

என் குலத்தில் யாரும் அந்த மாதிரித் தெருவில் அந்தச் சொல்லை அந்தப் பக்கம் பார்த்துச் சொன்னதில்லை. சொன்னபோது எனக்கு அது கேள்வியாகவும் இருந்தது. முழுக்க முழுக்கக் கேள்வியாகவும், முழுக்க முழுக்க அழைப்பாகவும். ஜெபம் நின்றது. உன் அம்மா வந்தாங்க. என்னை முன்பின் பார்த்ததில்லை. என் முகத்தைப் பார்த்து, “எஞ்சினீருங்களா? உள்ள வாங்க கண்ணு” என்றாங்க. நீ என்னைப் பற்றி வீட்டில் சொல்லியிருந்தாய்.

இன்று மதிய வகுப்பில் அந்தப் பெண்ணிடம், “காலையில தப்பாச் சொல்லிப்போட்டேன். அது மிஸ்டேக் இல்லைங்க,” என்றேன். நான் ‘ங்க’ போட்டதில் அவள் குழம்பிப்போனாள். “அப்ப அதுல என்னங்க சார் எழுதறது?” என்றாள். எனக்கும் தெரியாது என்றேன். இருபது பேரும் மறுபடி சிரித்தார்கள், சாருக்கே தெரியலை என்று. தாளைத் திருப்பி வாங்கவில்லை. உன் கட்டைவிரலை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். அசல் என் சட்டைப் பையில் இருக்கிறது.

இறுக்கம் இன்னும் இருக்கிறது. புதன்கிழமை வரும். தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே வரட்டும் என்று விடுகிறேன். செல்வியக்கா அன்று கேட்டாங்களா, கூப்பிட்டாங்களா என்று இதுவரை நான் கேட்கவில்லை. கேட்கப்போவதும் இல்லை. நாளை ஞாயிறு. மூன்றாவது கதவு, அதே பழைய சேலை. ஒரு அடி பின்னால் நின்று கூப்பிடுவேன். கூப்பிட்டதற்கும் உள்ளிருந்து “வாங்க” என்று குரல் வருவதற்கும் நடுவே ஒரு சின்ன நேரம் இருக்கிறது, பாத்திரச் சத்தம் நிற்கிற நேரம். அந்த நேரத்தில் என் முழங்கையை யாரோ பிடித்திருக்கிறார்கள். எனக்கு எல்லாவற்றுக்கும் காரணம் வேண்டும் என்பது உனக்குத் தெரியும். அதற்கு மட்டும் நான் திரும்பிப் பார்ப்பதில்லை.